‘ஐ ஃபீல் மைசெல்ஃப்’ ஏன் இடிக்கிறது? தன்னைப் பற்றி எழுதும் ஆங்கில வாக்கியங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

அடுத்தவரைப் பற்றி ஆங்கிலத்தில் தடுமாறாமல் எழுதுகிறவர்கள்கூடத் தங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சறுக்குகிறார்கள். வேலைக்கு அனுப்பும் கடிதம், மேற்படிப்புக்கான கட்டுரை, நேர்முகத் தேர்வு எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: உங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? பதிலை எழுதி முடித்ததும் ஏதோ இடிக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. உடனே டென்ஸை மாற்றிப் பார்ப்பார்கள். ‘ஃபீல்’ இருந்த இடத்தில் ‘ஃபீலிங்’ வரும், பிறகு ‘ஃபெல்ட்’ வரும், கடைசியில் மறுபடி ‘ஃபீல்’ வந்து நிற்கும். இடிப்பு மட்டும் போகாது.

பெரும்பாலும் கோளாறு டென்ஸில் இருப்பதே இல்லை. அந்த வினைச்சொல் தனக்குப் பின்னால் எதைக் கேட்கிறதோ அதை நாம் கொடுக்கவில்லை. அதனால்தான் இங்கே டென்ஸைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் வினைக்கு அடுத்து என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அது சரியான பிறகு காலத்துக்கு வரலாம். உங்கள் வாக்கியத்தோடு பொருந்துகிற அறிகுறியைத் தேடிப் பிடித்து அதை மட்டும் படித்தாலும் போதும்.

அறிகுறி: ‘ஐ ஃபீல் மைசெல்ஃப் லோன்லி’

‘என்னைத் தனிமையாக உணர்கிறேன்’ என்று மனதுக்குள் ஓடும் வாக்கியம் அப்படியே இறங்கிவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஃபீல்’ இந்த இடத்தில் ‘என்னை’யைக் கேட்பதில்லை. ‘ஐ ஆம் லோன்லி’யில் ‘ஆம்’ என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைத்தான் ‘ஃபீல்’ செய்கிறது. பின்னால் நேராகப் பெயரடை வர வேண்டும்: ‘ஐ ஃபீல் லோன்லி’, ‘ஐ ஃபீல் ப்ரௌட்’, ‘ஐ ஃபீல் லெஃப்ட் அவுட்’.

சோதிக்க எளிய வழி: ‘ஃபீல்’ இருக்கும் இடத்தில் ‘ஆம்’ போட்டுப் படியுங்கள். ‘ஐ ஆம் மைசெல்ஃப் லோன்லி’ என்று வந்து பல்லில் கல்லாகக் கடித்தால் ‘மைசெல்ஃப்’பை எடுத்துவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ‘ஐ ஃபீல் மைசெல்ஃப்’ என்று வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டால், தன் உடலைத் தானே தடவிப் பார்ப்பதாகப் பொருள்படும். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்கினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அதற்காக ‘ஃபீல் மைசெல்ஃப்’ என்பதே தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று இடங்களில் அது சரி. ‘ஐ டோன்ட் ஃபீல் மைசெல்ஃப் டுடே’ என்றால் இன்றைக்கு நான் நானாக இல்லை, உடம்போ மனசோ சரியில்லை என்று அர்த்தம். ‘ஐ ஃபெல்ட் மைசெல்ஃப் ப்ளஷிங்’ என்றால் முகம் சிவப்பதை நானே உணர்ந்தேன் என்று அர்த்தம். தனக்குள் நடக்கும் ஒரு மாற்றத்தைப் பார்வையாளர்போலக் கவனிக்கும்போது ‘மைசெல்ஃப்’பும், ஐஎன்ஜி என்று முடியும் வினை வடிவமும் சேர்ந்து வரும். மூன்றாவது, ‘ஐ ஃபெல்ட் மைசெல்ஃப் டு பி ஆன் அவுட்சைடர்’. இது எழுத்து நடை, கொஞ்சம் விறைப்பானது. பேச்சில் ‘ஐ ஃபெல்ட் லைக் ஆன் அவுட்சைடர்’ என்பதே இயல்பு.

கூடவே இன்னொன்று. வினைக்குப் பின் வரும் சொல்லோடு ‘எல்ஒய்’ சேர்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வருத்தமாக இருக்கிறது என்பதற்கு ‘ஐ ஃபீல் பேட்’ போதும். ‘பேட்லி’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், சிலர் சொல்லவும் செய்கிறார்கள். எழுதும்போது ‘பேட்’தான் பத்திரம்.

அறிகுறி: ‘ஆஸ்’ வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் தடுமாற்றம்

இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எது ‘ஆஸ்’ கேட்கும், எது கேட்காது என்பது அந்தந்த வினையின் குணம். ‘சீ’, ‘ரிகார்ட்’, ‘வியூ’, ‘டிஸ்க்ரைப்’, ‘திங்க் ஆஃப்’ ஆகியவை ‘ஆஸ்’ இல்லாமல் நகராது. ‘ஐ சீ மைசெல்ஃப் ஆஸ் எ லேர்னர்’, ‘ஐ திங்க் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் எ ரைட்டர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘கால்’, ‘கவுன்ட்’ இரண்டுக்கும் ‘ஆஸ்’ ஆகாது: ‘ஐ கால் மைசெல்ஃப் எ ரைட்டர்’, ‘ஐ கவுன்ட் மைசெல்ஃப் லக்கி’.

சண்டை எல்லாம் ‘கன்சிடர்’ விஷயத்தில்தான். ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் ஆஸ் ஆன் எக்ஸ்பர்ட்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஆனால் கவனமாகத் திருத்துகிறவர் கையில் சிக்கினால் அந்த ‘ஆஸ்’ அடிபடும். ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் ஆன் எக்ஸ்பர்ட்’ என்றோ, நடுவில் ‘டு பி’ சேர்த்தோ எழுதினால் யாரும் கை வைக்க மாட்டார்கள். பெயரடையாக இருந்தால் இன்னும் சுருக்கம்: ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் ஹானஸ்ட்’. பெயர்ச்சொல் வந்தால் முன்னால் ‘எ’ அல்லது ‘ஆன்’ விட்டுப்போகக் கூடாது. ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் ஹானஸ்ட் பெர்சன்’ என்பது ஒரு சொல் குறைந்த வாக்கியம்.

‘லைக்’ போடலாமா என்றால், ‘ஃபீல்’ உடன் போடலாம், ‘சீ’ உடன் கூடாது. ‘ஐ ஃபீல் லைக் எ லீடர்’ சரி. ‘ஐ சீ மைசெல்ஃப் லைக் எ லீடர்’ தவறு, அங்கே ‘ஆஸ்’ வேண்டும்.

‘ஃபைண்ட்’ தனி ரகம். ‘ஐ ஃபைண்ட் மைசெல்ஃப் அக்ரீயிங் வித் ஹெர்’ என்றால், நினைக்காமலேயே அவள் சொல்வதற்கு ஒத்துப்போகிறேன் என்று அர்த்தம். எதிர்பாராமல் தன்னை ஒரு நிலையில் கண்டுகொள்வதுதான் இதன் சுவை. குணத்தைச் சொல்ல இது உதவாது. ‘ஐ ஃபைண்ட் மைசெல்ஃப் ஆன் ஹானஸ்ட் பெர்சன்’ என்று எழுதிவிட்டு, நான் நேர்மையானவன் என்று சொல்லிவிட்டதாக நினைப்பீர்கள். படிக்கிறவருக்கு, எனக்காக ஒரு நேர்மையான ஆளைத் தேடிக்கொள்கிறேன் என்றும் கேட்கும். ‘ஐ ஃபவுண்ட் மைசெல்ஃப் எ ஜாப்’ என்றால் எனக்கு நானே ஒரு வேலை தேடிக்கொண்டேன் என்றுதானே அர்த்தம்? அதே அச்சுதான் இதுவும்.

கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லும்போது நடுவில் ‘இட்’ வேண்டும்: ‘ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு டாக் அபௌட் மைசெல்ஃப்’. ‘ஐ ஃபைண்ட் ஹார்ட் டு டாக்’ என்று ‘இட்’டை விழுங்கிவிடுவது நம்மவர்களிடம் மிகச் சாதாரணம்.

அறிகுறி: நீங்கள் சலித்துப்போனதைச் சொன்னால், கேட்டவர் உங்களையே சலிப்பூட்டும் ஆளாக எடுத்துக்கொள்கிறார்

‘ஐ ஆம் போரிங்’ என்று எழுதியிருப்பீர்கள். ‘எனக்குக் குழப்பமாக இருக்கிறது’, ‘எனக்கு ஆர்வமாக இருக்கிறது’ என்று சொல்லும்போது தமிழில் ‘எனக்கு’ என்பதே உணர்கிறவர் யார் என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ‘எனக்கு’ இல்லை, ‘ஐ’ மட்டும்தான் உண்டு. உணர்கிறவரா, உணர வைக்கிறவரா என்ற வேறுபாட்டை வால்பகுதிதான் சுமக்கிறது. ஈடி வடிவம் உணர்கிறவருக்கு, ஐஎன்ஜி வடிவம் உணர வைக்கும் பொருளுக்கு. ‘ஐ ஆம் போர்ட்’ என்றால் எனக்குச் சலிப்பு. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் என்னோடு இருப்பவர்களுக்குச் சலிப்பு.

இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியங்கள் என்பதால் பிழை திருத்தும் செயலிகள் பல நேரம் இதைக் கோடிட்டுக் காட்டுவதில்லை. நீங்களேதான் பிடிக்க வேண்டும். ‘ஐ ஆம் கன்ஃப்யூசிங்’, ‘ஐ ஆம் டிஸப்பாயின்டிங்’, ‘ஐ ஆம் இன்டரெஸ்டிங் இன் சயின்ஸ்’ என்று எங்காவது இருந்தால் நிறுத்துங்கள். அந்த உணர்ச்சி யாருக்கு என்று கேளுங்கள். எனக்கு என்றால் ஈடி.

அறிகுறி: ‘ஃபீல் லைக்’கிற்குப் பின் ‘டு’ வந்திருக்கிறது

அழ வேண்டும் போல இருக்கிறது என்பதற்கு ‘ஐ ஃபீல் லைக் க்ரையிங்’. ‘லைக் டு க்ரை’ என்று இங்கே வராது. ‘ஐ வுட் லைக் டு’ என்ற வேறொரு தொடரோடு இது கலந்துவிடுவதுதான் காரணம். முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஆஸ் இஃப்’ அல்லது ‘ஆஸ் தோ’ போடுங்கள்: ‘ஐ ஃபீல் ஆஸ் இஃப் ஐ வேர் இன்விசிபிள்’. ‘வேர்’ இடத்தில் ‘வாஸ்’ சொன்னாலும் பேச்சில் செல்லும்.

அறிகுறி: எல்லா இடத்திலும் ‘ஐ ஆம்’, எல்லா வினையிலும் ஐஎன்ஜி

இப்போதுதான் டென்ஸுக்கு வருகிறோம். ‘ஐ ஆம் கன்சிடரிங் மைசெல்ஃப் லக்கி’, ‘ஐ ஆம் பிலீவிங் தட் ஐ கேன் டூ இட்’, ‘ஐ ஆம் நோயிங் மை வீக்னஸ்’. மூன்றும் தவறு. கருதுவது, நம்புவது, தெரிந்திருப்பது எல்லாம் நிலைகள். தொடங்கி, நடந்து, முடியும் செயல்கள் அல்ல. வினைகளை இப்படி நிலை, செயல் என்று வகை பிரித்துப் பார்ப்பது மொழியியலில் புழங்கிய வழி. தத்துவவாதி ஸீனோ வெண்ட்லர் 1957இல் எழுதிய கட்டுரை இதை நான்கு வகைகளாக்கியது. நமக்கு இங்கே இரண்டு போதும். தன்னைப் பற்றிய கருத்து ஒரு நிலை. நிலைக்கு சிம்பிள் பிரசன்ட்.

ஆனால் ஒரே வினை இரண்டு வேடம் போடும். ‘ஃபீல்’ உடம்பையோ மனநிலையையோ சொன்னால் இரண்டு வடிவமும் செல்லும். ‘ஐ ஃபீல் டயர்ட்’, ‘ஐ ஆம் ஃபீலிங் டயர்ட்’ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதே ‘ஃபீல்’ கருத்தைச் சொன்னால் ‘ஐ ஃபீல் தட் ஐ டிசர்வ் எ சான்ஸ்’ மட்டுமே. ‘ஐ ஆம் ஃபீலிங் தட்’ என்று தொடங்கினால் தவறு. ‘திங்க்’கும் அப்படியே. ‘ஐ திங்க் ஐ ஆம் ரெடி’ என்பது கருத்து. ‘ஐ ஆம் திங்கிங்’ என்றால் மூளை இந்த நொடி வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த நுணுக்கம் தத்துவத்தையே தொட்டிருக்கிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட் 1637இல் பிரெஞ்சில் எழுதிய ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எல்லோரும் ‘ஐ திங்க், தேர்ஃபோர் ஐ ஆம்’ என்றே அறிவார்கள். 1985இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அதை ‘ஐ ஆம் திங்கிங், தேர்ஃபோர் ஐ எக்ஸிஸ்ட்’ என்று மாற்றியது. சிந்தித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில்தானே நான் இருப்பது உறுதி? சிம்பிள் பிரசன்ட் போட்டால் அது ஒரு வழக்கம்போலத் தொனிக்கும். ஐஎன்ஜி வந்ததும் இந்த நொடிக்கு வந்துவிடுகிறது.

‘பி’ வினையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. ‘ஐ ஆம் செல்ஃபிஷ்’ என்றால் நான் சுயநலக்காரன், அதுவே என் குணம். ‘ஐ ஆம் பீயிங் செல்ஃபிஷ்’ என்றால் இப்போது சுயநலமாக நடந்துகொள்கிறேன், குணம் அதுவல்ல. மன்னிப்புக் கேட்டு எழுதும்போது இந்த ‘பீயிங்’ உங்களைக் காப்பாற்றும். ஆனால் நம் கட்டுப்பாட்டில் உள்ள நடத்தைக்குத்தான் இது பொருந்தும். ‘ஐ ஆம் பீயிங் டயர்ட்’ என்று சொல்ல முடியாது, களைப்பை யாரும் நடந்துகொள்வதில்லை.

அப்படியானால் மெக்டொனால்ட்ஸ் 2003இலிருந்து சொல்லிவரும் ‘ஐ ஆம் லவிங் இட்’ எப்படிச் சரி என்று கேட்பீர்கள். இந்த நொடியில் ரசித்து அனுபவிக்கிறேன் என்று ஒரு நிலையை வேண்டுமென்றே நிகழ்வாக்கிச் சொல்லும் பேச்சு வழக்கு அது. விளம்பரத்துக்கு அந்தத் துள்ளல் வேண்டும். உங்கள் விண்ணப்பக் கடிதத்துக்கு வேண்டாம்.

உண்மையிலேயே உங்கள் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கிறது என்றால் அதற்கு நல்ல வழி உண்டு. ஐஎன்ஜியை ‘சீ’யின் மேல் போடாமல், மாற்றத்தைச் சொல்லும் வினையின் மேல் போடுங்கள்: ‘ஐ ஆம் பிகினிங் டு சீ மைசெல்ஃப் ஆஸ் எ ரைட்டர்’. இந்த ஒரு அச்சை மனப்பாடம் செய்தால் பாதிக் கடிதம் திருந்திவிடும்.

அறிகுறி: ‘ஐ தாட் ஐ ஆம் எ குட் சிங்கர்’

‘நான் நல்ல பாடகி என்று நினைத்தேன்.’ இந்தத் தமிழ் வாக்கியத்தில் ‘நான் நல்ல பாடகி’ என்ற பகுதிக்கு வினையே இல்லை, அதனால் காலமும் இல்லை. ‘என்று’ வந்து அப்படியே கட்டிவைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அங்கே ஒரு வினை வைத்தே ஆக வேண்டும், கை பழக்கத்தில் ‘ஆம்’மை எடுத்துவிடுகிறது. முன்னால் ‘தாட்’ என்று இறந்த காலம் நின்றால் பின்னாலும் ஒரு படி இறங்க வேண்டும்: ‘ஐ தாட் ஐ வாஸ் எ குட் சிங்கர்’. ‘ஐ டிட்ன்ட் நோ ஐ வாஸ் சோ ஷை’ என்பதும் இந்த வகைதான்.

இன்னும் அப்படியே இருந்தால் ‘ஆம்’ வைக்கலாமே என்று வாதாடுவார்கள். ‘ரியலைஸ்ட்’ போன்ற வினையோடு வைக்கலாம்: ‘ஐ ரியலைஸ்ட் தட் ஐ ஆம் ஆன் இன்ட்ரோவர்ட்’. கண்டறிந்த உண்மை இன்றும் உண்மை. ‘தாட்’ விஷயம் வேறு. ‘ஐ தாட் ஐ வாஸ் ஸ்ட்ராங்’ என்று சொன்னாலே, பிறகு அது பொய்த்துவிட்டது என்ற சாயல் ஒட்டிக்கொள்ளும். இன்றும் அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால் ‘தாட்’டைத் தனியாக விடாதீர்கள். ‘ஐ ஹேவ் ஆல்வேஸ் தாட் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் ஸ்ட்ராங்’ என்று எழுதுங்கள். எண்ணம் ஒரு குறிப்பிட்ட நாளில் உடைந்தது என்றால் ‘ஹேவ்’ ‘ஹேட்’ ஆகும்: ‘அன்டில் தட் டே, ஐ ஹேட் ஆல்வேஸ் தாட் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் ஸ்ட்ராங்’.

முன்பு அப்படி நினைத்தேன், இப்போது இல்லை என்பதற்கு ‘ஐ யூஸ்டு டு திங்க் ஐ வாஸ் ஷை’. இங்கே ‘யூஸ்டு டு’ இடத்தில் ‘வுட்’ போடாதீர்கள். பழைய பழக்கத்தைச் சொல்லும் ‘வுட்’ செயல்களுக்குத்தான். ‘ஐ வுட் டிஸ்க்ரைப் மைசெல்ஃப் ஆஸ் பேஷன்ட்’ என்பதில் வரும் ‘வுட்’ வேறு. அதில் இறந்த காலம் கிடையாது, வெறும் பணிவு. நேர்முகத் தேர்வுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கடினம்.

அறிகுறி: ‘ஃப்ரம் சைல்ட்ஹுட் ஐ ஆம் ஷை’

சின்ன வயதில் தொடங்கி இன்றுவரை நீள்கிறது என்றால் பிரசன்ட் பெர்ஃபெக்ட்: ‘ஐ ஹேவ் பீன் ஷை சின்ஸ் சைல்ட்ஹுட்’. தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’. ‘ஐ ஆம் ஃபீலிங் லோன்லி சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பதில் இரண்டு பிழை இருக்கிறது. ‘ஐ ஹேவ் பீன் ஃபீலிங் லோன்லி ஃபார் டூ இயர்ஸ்’ என்றால் இரண்டும் தீரும்.

மாறாக, முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ வரக் கூடாது. ‘வென் ஐ வாஸ் இன் ஸ்கூல், ஐ ஹேவ் ஃபெல்ட் லோன்லி’ என்பது தவறு. பள்ளி முடிந்துவிட்டது, ‘ஐ ஃபெல்ட்’ போதும்.

அறிகுறி: ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால் ‘ஐ வில் சீ மைசெல்ஃப்’ என்று வருகிறது

பார்ப்பது இப்போது. பார்க்கப்படும் காட்சிதான் எதிர்காலம். ஆகவே ‘ஐ சீ மைசெல்ஃப் லீடிங் எ ஸ்மால் டீம்’. ‘வில்’ வேண்டாம், ‘சீயிங்’கும் வேண்டாம். அந்த வேலை உங்களுக்குச் சரிப்பட்டு வராது என்று தோன்றினால் ‘ஐ கான்ட் சீ மைசெல்ஃப் டூயிங் தட்’.

அறிகுறி: ‘ஐ திங்க் ஐ ஆம் நாட் குட் அட் மேத்ஸ்’

இலக்கணப்படி பிழை இல்லை. காதுக்குத்தான் உறுத்தும். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வரும்: ‘ஐ டோன்ட் திங்க் ஐ ஆம் குட் அட் மேத்ஸ்’.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

‘ஃப்ரம் சைல்ட்ஹுட் ஐ ஆம் எ ஷை பெர்சன். ஐ தாட் ஐ ஆம் நாட் குட் அட் ஸ்பீக்கிங். நௌ ஐ ஆம் கன்சிடரிங் மைசெல்ஃப் ஆஸ் எ கான்ஃபிடன்ட் ஸ்பீக்கர்.’

முதல் வாக்கியத்தில் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்னபடி ‘ஐ ஹேவ் பீன் ஷை சின்ஸ் சைல்ட்ஹுட்’ என்று மாற்றக் கை துடிக்கும். மாற்றினால் இன்றும் கூச்சம் தொடர்கிறது என்றாகிவிடும், மூன்றாவது வாக்கியம் அதோடு மல்லுக்கு நிற்கும். கூச்சம் போய்விட்டது என்பதுதானே கதை? எனவே ‘ஐ வாஸ் எ ஷை சைல்ட்’. இரண்டாவதில் மறுப்பை முன்னால் கொண்டுவந்து காலத்தை இறக்க வேண்டும்: ‘ஐ டிட்ன்ட் திங்க் ஐ வாஸ் எனி குட் அட் ஸ்பீக்கிங்’. மூன்றாவதில் ஐஎன்ஜியும் ‘ஆஸ்’சும் போக வேண்டும்: ‘நௌ ஐ கன்சிடர் மைசெல்ஃப் எ கான்ஃபிடன்ட் ஸ்பீக்கர்’.

இந்தக் கடைசி வாக்கியம் இலக்கணத்தில் தேறிவிட்டது. ஆனால் அதை அனுப்புவதற்கு முன், மேடை ஏறினால் இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா என்று யோசியுங்கள். ஒட்டிக்கொள்கிறது என்றால் ‘ஐ ஆம் பிகினிங் டு சீ மைசெல்ஃப் ஆஸ் எ கான்ஃபிடன்ட் ஸ்பீக்கர்’ என்று எழுதுங்கள். தேர்வாளர் அடுத்த கேள்வியிலேயே சோதித்துப் பார்த்தாலும் அந்த வாக்கியம் தாங்கும்.